சிம்கோ ஏரிக்குச் சென்ற வள்ளம்

கனடாவிலே ரொறன்ரோ மாநகருக்கு வடக்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் சிம்கோ என்னும் பெரிய ஏரியை அடையலாம். இன்றைய ஒன்ராறியோ மாகாணத்தை முதன்முதல் ஆண்ட ஆங்கிலத் துணைத் தேசாதிபதி ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ, கடற்படைக் கப்டனாயிருந்த தம் தந்தையாரின் நினைவாக 1793ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது. சென்ற கோடையில் எமது மருமகனின் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவ்வேரியில் உலாவரும் பேறு எமக்குக் கிட்டியது. ஆயினும், ஏரியைக் காட்டிலும் ஏரிக்குச் சென்ற வழியே எம் மனத்தில் நிற்கின்றது.

மருமகனிடம் 16 அடி நீளமான மோட்டார் வள்ளம் ஒன்றுண்டு. அது கிடப்பது ஏரியிலன்று. வீட்டு முற்றத்தில், இருசக்கர இழுவை வண்டியொன்றின் மேல். நம் கரைகளில் வள்ளம் மணலைவிட்டு அகலுவதில்லை. அங்கோ, நெடுஞ்சாலையில் 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடியபின்னரே அது நீரைக் காண்கின்றது.

அதிகாலையிலேயே ஆயத்தங்கள் தொடங்கின. காரின் பின்புறத்து இரும்புக் குண்டின்மேல் இழுவை வண்டியின் கிண்ணத்தை இருத்திப் பூட்டினார். இரண்டும் ஒரே அளவாயிருத்தல் வேண்டுமாம். குண்டு சிறிதாயின் மேடுபள்ளத்தில் கிண்ணம் துள்ளிக் கழன்றுவிடும். பின்னர் இரு சங்கிலிகளைக் குறுக்காக மாற்றிக் கொழுவினார்.

"ஏன் தம்பி, நேராகக் கொழுவினாலென்ன?" என்றோம்.

"பூட்டுக் கழன்றாலும், மாமா, வண்டியின் மூக்கு வீதியில் குத்தாது. இந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்."

வள்ளமும் வண்டியும் சேர்ந்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அக்குண்டின்மேல் அழுந்துதல் நன்றென்றார். மிகக் குறைந்தால், வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்குமாம். ரயர்களின் காற்றையும் விளக்குகளையும் பார்த்து, பின்புறத்தை வார்களால் இறுக்கியபின், இறுதியாகக் கட்டைவிரலளவு தக்கையொன்றை எடுத்துக் காரின் சுக்கான் சக்கரத்தில் சிவப்பு நாடாவாற் கட்டினார்.

வள்ளத்தின் பின்னடியிலுள்ள நீர்ப்போக்குத் துவாரத்தின் தக்கை அது. அதைக் கழற்றிவைத்தே வீதியில் வள்ளத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமென்பது 2022ஆம் ஆண்டு தொடக்கம் அம்மாகாணத்துச் சட்டம். காரணம், வரிக்குதிரை மட்டி என்னும் விரல்நுனியளவு சிப்பி. கருங்கடல், கஸ்பியன் கடற் பகுதிகளிலிருந்து கப்பல்களின் அடிநீரில் வந்து, 1988இல் அமெரிக்கப் பேரேரிகளிற் கண்டுபிடிக்கப்பட்ட அது, நீர்க்குழாய்களை அடைத்துப் பெருநட்டம் விளைவிக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள், வள்ளத்தின் அடியில் தேங்கிய நீரிலேறி ஏரிவிட்டு ஏரி செல்லுமாம்.

ஆனால் வீதியிற் கழற்றியதை நீரில் மறந்தால்? முந்திய ஆண்டு அதுவே நிகழ்ந்ததென்று மருமகள் கூறினார். இறங்குதுறையிற் பின்னே நின்றோர் அவசரப்படுத்த, தக்கையின்றியே வள்ளம் இறங்கிவிட்டது. சிறிது தூரம் சென்றதும், "அப்பா, என் சப்பாத்து நனைகின்றது" என்றாளாம் பிள்ளை. கரை அண்மையிலிருந்தமையால் மீண்டார்கள். அதைச் சொல்லும்போதும் அவர் குரல் தாழ்ந்தது.

ஏரியை அடைந்ததும் மருமகன் துறைக்குச் செல்லாது, அப்பால் மரநிழலில் வண்டியை நிறுத்தினார். சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சுட்டது. சூட்டுடன் குளிர்நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சும்; கிறீஸ் கெட்டுப் பெயரிங் பழுதாகும். ஆறும்வரையில் விளக்குக் கம்பியைக் கழற்றினார். பின் வார்களை அவிழ்த்தார். முன்வாரை மட்டும் விட்டுவைத்தார். ஆளுக்கொரு மிதவைச் சட்டை அணிவிக்கப்பட்டது. எமது வயிற்றுக்கு அது சற்றே இறுக்கந்தான்!

"தக்கை?" என்றாள் பத்து வயதுப் பேத்தி. நாடாவை அவிழ்த்து அவள் கையிலே கொடுத்தார் தந்தை. அவள் முடுக்கினாள், அவர் மீண்டுமொருமுறை திருகிப் பார்த்தார். எமக்குப் பின்னால் வந்தவர் ஒலியெழுப்பினார். மருமகன் கையசைத்து அவரை முன்னே போகவிட்டார்.

பின்னோக்கிச் செலுத்துவதும் ஒரு வித்தையே. சுக்கான் சக்கரத்தின் அடிப்புறத்தைப் பற்றி, இழுவை வண்டி எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்த வேண்டுமாம். மெல்ல இறங்கி வள்ளம் மிதந்தது. நால்வரும் அதன் தரையையே நோக்கியிருந்தோம். அது உலர்ந்திருந்தது.

மாலையில் மீண்டபோது, பேத்தியே தக்கையைக் கழற்றினாள். சிறிது நீர் வடிந்து புல்லிற் சுவறியது. அவள் நாடாவை எடுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினாள்.