ரூபி, ரெயில்ஸ், கொஞ்சம் ஆணி

பெங்களூருல பொட்டி தட்ட வந்த எனக்கு வாய்ச்ச மொழி ரூபி. ஜப்பான்காரர் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-ல வெளியிட்டது. அது மேல டென்மார்க்காரர் ஒருத்தர், டேவிட் ஹைன்மையர் ஹான்சன், 2004-ல கட்டி விட்டதுதான் ரெயில்ஸ்.

ரெயில்ஸ்னா என்னன்னு வீட்டுல கேட்டா இப்படிச் சொல்லுவேன். ஃபர்னிஷ்டு வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, பாத்ரூம் பக்கெட் வரைக்கும் ரெடி. பெட்டியோட போய் இறங்கினா அன்னைக்கு ராத்திரியே ரசம் வெச்சிடலாம். (பத்து மாச அட்வான்ஸ் கதையை இன்னொரு நாள் புலம்பறேன்.)

'ரெயில்ஸ் லோடு தாங்காது'ன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. ட்விட்டர் அதுல ஆரம்பிச்சு, திணறி, ஸ்காலா பக்கம் போனதைக் காட்டுவாங்க. நம்ம சென்னையில 2010-ல பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க்கும் ரெயில்ஸ்தான். ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறி 2021-ல நாஸ்டாக் ஏறிடுச்சு. பாயிண்ட் ஓவர் :-)

என் வருத்தம் வேற. ஃபர்னிஷ்டு வீட்டுல ஃப்யூஸ் போனா மெயின் சுவிட்ச் எங்கன்னு ஓனருக்குத்தான் தெரியும்.

டீம்ல புதுசா சேர்ந்த திருநெல்வேலிப் பையன். புரொபேஷன்ல இருக்கான், ஊர்ல எஜுகேஷன் லோன் வேற. ரெண்டு நாள் பேயறைஞ்ச மாதிரி இருந்துட்டு, மெதுவா வந்து கேட்டான்: "அண்ணே, 'ஃபைண்ட் பை ஈமெயில்'னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்காங்க. அதை எவன் எழுதினான்னு கோடு பூரா தேடிட்டேன். எனக்குத்தான் மண்டையில ஏறலியோ?"

யாருமே எழுதல. டேபிள்ல ஈமெயில்னு ஒரு ஃபீல்டு இருக்கு. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டா ரூபி அதை 'மெத்தட் மிஸ்ஸிங்'ங்கிற வாசலுக்கு அனுப்பும். ரெயில்ஸ் அங்க உக்காந்து பேரைப் பிரிச்சுப் பாத்து, அந்த நிமிஷமே ஃபங்ஷனை உருவாக்கிடும். தேடினா எப்படிக் கிடைக்கும்?

எழுதறவனுக்கு இது சொர்க்கம். ஆனா இந்த ஊர்ல எழுதினவன் நோட்டீஸ் பீரியட் முடிஞ்சு பறந்திருப்பான். ராத்திரி ரெண்டு மணிக்கு அதோட மல்லுக்கட்டறது வேற ஒருத்தன்.

பைத்தான்காரங்க ஜாங்கோவைப் பாருங்க. கான்சாஸ்ல ஒரு பத்திரிகை ஆபீஸ்ல உருவாகி 2005-ல வெளிய வந்தது. எது எங்கிருந்து வருதுன்னு ஃபைல் தலையிலயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அதுலயும் மாயம் உண்டு, இல்லேங்கல. கைவலி ஜாஸ்தி. ஆனா அந்தப் பையன் ரெண்டு நாள் தன்னையே சந்தேகப்பட்டிருக்க மாட்டான். ஃபிரெஷர் நிறைய இருக்கற டீம்னா என் ஓட்டு ஜாங்கோவுக்கு. (ரூபி மக்கள் ஆட்டோ அனுப்ப வேணாம், சில்க் போர்டு தாண்டி வர்றதுக்குள்ள நானே வீடு மாறியிருப்பேன்.)

நம்ம டீம்ல மொழியை மாத்தறது என் கையில இல்ல. அதனால இப்பல்லாம் புதுசா வர்றவங்களுக்கு முதல் வாரம் ரெயில்ஸையே காட்டறதில்ல. வெறும் ரூபி. வெள்ளிக்கிழமை ஒரு 'மெத்தட் மிஸ்ஸிங்' அவங்களையே எழுதச் சொல்லிட்டு, நான் டீ குடிக்கப் போயிடுவேன்.