மித்தி முகத்துவாரத்திலிருந்து போரிபந்தர் வரை

மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே ரயில் பாலத்தைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்கருகே கொண்டு செல்லாத பிரயாணி அரிது. கீழே கறுத்துக் கிடப்பது மித்தி ஆறு. ஆறு என்று சொன்னால் நம் வீட்டுக் குழந்தைகள் சிரிப்பார்கள். ஆயினும் விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் பிறந்து, விமான நிலைய ஓடுபாதையின் அடியிலும் புகுந்து, குர்லா, தாராவி ஓரமாகச் சுமார் 18 கிலோமீட்டர் வந்து மாஹிம் கழியில் சேரும் உண்மையான ஆறுதான் அது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸ் மழைமானியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானபோது, தான் ஆறு என்பதை அது நகரத்துக்கு நினைவூட்டியது. எங்களுள் பலர் அப்போது பள்ளிச் சிறுவர்கள். தண்டவாளம் நீருக்குள் மறைந்து, இரவு முழுதும் அப்பா வீடு திரும்பாதது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த முகத்துவாரத்துக் கண்டல் மரங்களுக்காக, 2024 ஜனவரி 21-ஆம் தேதி மும்பை மாரத்தானில் நம் சங்கத்தார் நால்வர் அரை மாரத்தான் ஓடினோம். அதாவது 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2004 முதல் நடந்துவரும் இந்த ஓட்டத்தில் நுழைவுக் கட்டணம் வேறு, தர்மத் தொகை வேறு. ஓடுபவர் தமக்கு உகந்த தொண்டு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயரால் தெரிந்தவர்களிடம் நிதி திரட்டலாம். கழிமுகங்களில் குப்பை அகற்றிக் கண்டல் கன்று நடும் சிறு அமைப்பொன்றை நாங்கள் தேர்ந்தோம். கண்டலை நம் பக்கத்தில் அலையாத்தி என்றும் சொல்வார்கள். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேற்றிலிருந்து ஈட்டிபோல் மேலெழும் மூச்சுவேர்களில் நெகிழிப் பைகள் சுற்றிக்கொண்டால் மரம் மூச்சுத் திணறும். 2005-ஆம் ஆண்டிலேயே பம்பாய் உயர்நீதிமன்றம் இம்மாநிலத்தில் கண்டல் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. வெட்டுவதை ஆணை தடுக்கும். வேரில் சுற்றும் பையை ஆள்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டத்தைக் காட்டிலும் வசூல் கடினமாயிருந்தது. மாதுங்காவில் மாடி வீட்டார் சிலர், "இந்த வயதில் ஓட்டமா?" என்று கேட்டுக் காப்பி கொடுத்து அனுப்பினர். தாராவியில் ஆற்றை ஒட்டிய சந்தொன்றில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது ஆண்டாய் வாழும் பாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் தந்தார். 2005 வெள்ளத்தில் அவர் வீட்டில் அடுப்பும் தையல் இயந்திரமும் போயின. தந்துவிட்டுக் கேட்டார்: "ஆத்தைச் சுத்தம் பண்ணுதோம்னு சொல்லி எங்க வீட்டையும் சேத்து எடுத்துருவாகளோ, தம்பி?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேள்வி நியாயமானது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தியபோது கரையோரக் குடிசைகள் பல அகற்றப்பட்டன. ஆற்றை மாசுபடுத்துவோர் கரையில் குடியிருப்போர் மட்டும் அல்லர். நகரின் சாக்கடையும் பட்டறைக் கழிவும் மேலே இருந்தே வருகின்றன. ஆயினும் முதலில் கண்ணில் படுவது குடிசைதான். தொண்டு நிறுவனத்தாரிடம் விசாரித்துச் சொல்கிறோம் என்று கூறிவிட்டு வந்தோம். 63 வீடுகளில் சேர்ந்தது 18,450 ரூபாய்.

அன்று விடியுமுன்னே மத்திய, மேற்கு ரயில்வேக்கள் இரண்டும் ஓட்டக்காரர்களுக்கெனச் சிறப்பு வண்டிகள் விட்டிருந்தன. எங்கள் இலாகாவைப் பற்றி நாங்களே புகழலாகாது. எனினும் டோம்பிவிலியிலிருந்து வந்த நண்பர் நிமிஷம் பிசகாமல் தாதரில் இறங்கினார் என்பதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை.

காலை ஐந்து மணிக்கு மாஹிம் ரேத்தி பந்தர் மைதானத்திலிருந்து புறப்பாடு. ஆற்றின் முகத்துவாரமும் அதன் பக்கத்திலேதான். இருளில் ஆறு தெரியவில்லை. வாடையால் இருப்பை அறிந்தோம். பாந்த்ராவைத் தொட்டுத் திரும்பி, 2009-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தில் ஏறினோம். 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் மற்ற நாட்களில் பாதசாரிக்கு அனுமதி இல்லை. காரில் போகும் வசதி படைத்தோரே காணும் அக்காட்சியை அன்று நாங்கள் கால்நடையாகக் கண்டோம். தலைக்கு மேலே விளக்கொளியில் வெண்கம்பிகள். கீழே கறுத்த விரிகுடா. ஆயிரக்கணக்கான காலடி ஓசையன்றி வேறு சந்தடி இல்லை. பேசிக்கொண்டே வந்த நாங்களும் மௌனமானோம்.

வர்லி, ஹாஜி அலி தாண்டியபின் பெடர் ரோடு மேடு. அதை ஓடி ஏறினோம் என்று எழுதினால் மற்ற மூவரும் இந்த இதழிலேயே மறுப்பு எழுதுவார்கள், நடந்தே ஏறினோம். அங்கே வீட்டுக்காரர்கள் தெருவில் நின்று ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கோத்தும் கடலை மிட்டாயும் வழங்கினர். முன்பின் அறியாத மராத்திய மூதாட்டி ஒருவர் எங்கள் சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, கூட ஒரு சுளை கொடுத்தார். சாலை நெடுகச் சிலர் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டிகளை வீசிச் சென்றதும், இளம் தொண்டர்கள் குனிந்து குனிந்து பொறுக்கியதும் கண்டோம். எங்கள் நண்பர் ஒருவர் தம் காலிப் புட்டியைக் குப்பைக்கூடை வரும்வரை இரண்டு கிலோமீட்டர் கையிலேயே சுமந்தார். ஓட்டத்தில் எடை கூடாது என்று பயிற்சியின்போது எங்களுக்கு உபதேசித்தவரும் அவரே.

மரீன் டிரைவில் வெயில் முகத்தில் அடித்தது. கால்கள் எங்களுடையவை அல்ல போலிருந்தன. மூன்று மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில், நால்வரும் ஒன்றாகவே, தினமும் கையெழுத்திடப் போகும் அதே சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தின் கோபுரத்தருகே வந்து சேர்ந்தோம். நிலையம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் 2004-இல்தான்.

தொகையைச் செலுத்தியபோது பாட்டியின் கேள்வியையும் தொண்டு நிறுவனத்தாரிடம் வைத்தோம். தங்கள் வேலை குப்பையும் கன்றும் மட்டுமே என்றும், வீடுகளைப் பற்றிய முடிவு அரசாங்கத்தினுடையது, தாங்கள் உறுதி தர இயலாது என்றும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். நாங்களும் அதை அப்படியே பாட்டியிடம் சொல்லி, பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்டோம். "கொடுத்ததைத் திருப்பி வாங்குவாகளா? ஆளு வந்து அளந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன், வரணும்" என்றார். வருவதாக ஒப்புக்கொண்டோம், நால்வர் முகவரியும் அவர் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, நீர் வற்றும் நேரம் பார்த்து, அந்நிறுவனத்தாருடன் கழியோரச் சேற்றில் இறங்கினோம். முழங்கால் வரை புதைந்தது. மூச்சுவேர்களை முறிக்காமல் பைகளை உருவுவது, சிக்கெடுக்கும் வேலைபோல் பொறுமை கேட்கிறது. மதியத்துக்குள் நால்வரும் சேர்ந்து பதினொரு சாக்கு நிரப்பினோம். அவற்றில் பால் உறைகளே அதிகம். தமிழெழுத்து அழியாத அப்பள உறைகளும் மூன்று நான்கு இருந்தன.