மூன்று மணி விசில்

2022 யூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்தடவையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பெரிய விசிறிகளைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கொரு ஐஸ்பழமும் தந்தார்கள். பக்கத்தில் நின்ற பொடியன் சொன்னான், "அண்ணை, நீங்கள் துபாயில இருந்தனீங்கள்தானே, உங்களுக்கென்ன, பழகின உடம்பு."

பழகின உடம்பு! அந்தச் சொல் எனக்கு இன்னொருவனை ஞாபகப்படுத்தியது. இங்கே வந்து அகதி மனுக் கொடுக்க முன்னர் துபாயில் இருந்த காலத்தை நான் அதிகம் எழுதியதில்லை. எழுதப் பெருமையாக ஒன்றுமில்லை என்பதும் ஒரு காரணம்.

2007 இல் போனேன். சோனாப்பூரில் காம்ப், ஓர் அறைக்குப் பத்துப்பேர். சோனாப்பூர் என்றால் இந்தியில் தங்க ஊர் என்று அர்த்தமாம். விடிய நாலு மணிக்கு எழும்பினால் குழாயில் வருகிற தண்ணீரில் தேத்தண்ணி போடலாம், அப்படிச் சுடும். கூரையில் இருக்கும் தாங்கி இரவிலும் ஆறாது. அதனால் முதல்நாள் பின்னேரமே வாளிகளில் பிடித்து அறைக்குள் வைத்துவிடுவோம். வீடுகளில் இருக்கிற ஆக்கள் கோடையில் சுடுநீர்க் கொதிகலனை அணைத்துவிட்டு, அதற்குள் நிற்கிற தண்ணீரைத்தான் குளிர்தண்ணீராகப் பாவிப்பார்கள். அங்கே எல்லாம் தலைகீழ்தான்.

எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரியும் என்பதால் கட்டிடவேலைத் தளத்தில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. கொப்பியும் பேனையும் கழுத்தில் ஒரு விசிலும். மற்றவர்கள் கம்பி கட்டினார்கள், ஷட்டரிங் அடித்தார்கள், சீமெந்து ஊற்றினார்கள். வெயிலில் கிடந்த கம்பியை வெறுங்கையால் தொட்டால் தோல் உரியும். தலையில் ஈரத்துணி, அதற்குமேல் ஹெல்மெட், முழுக்கைச் சட்டை. சட்டையைக் கழற்றினால் குளிரும் என்று நினைப்பவன் புதிதாக வந்தவன்.

அமீரகத்தில் மதிய இடைவேளைச் சட்டம் வந்தது 2005 இல். யூலையிலும் ஆகஸ்டிலும் 12.30 தொடக்கம் 4.30 வரை வெளிவேலை கூடாது என்றார்கள். அடுத்த வருடமே அதை 3 மணியாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை அமுலில் இருக்கிறது, மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் தண்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டரை மணித்தியாலம் இல்லையென்றால் எத்தனைபேர் போயிருப்பார்களோ.

ஆனால் மூன்று மணிக்கு விசில் ஊதுகிறவன் நான். மூன்று மணிக்கு வெயில் எங்கே போய்விடும்? கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசம். வெக்கை கொஞ்சம் இறங்க ஈரப்பதன் ஏறும். வேர்வை ஓடும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

அந்த யூலையில் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் இரண்டு மாத லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்து ஆறாவது நாள். நாலு வருடமாக அங்கே வேலை செய்தவன். அதனால் ஒருவரும் அவனைப் புது ஆளாக நினைக்கவில்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும், சில கிழமை விலகியிருந்தாலே அந்தப் பழக்கம் போய்விடும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். புதிதாக வருபவனுக்கு முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயில்வேலை கொடுக்கவேண்டும், பிறகு நாளுக்கு நாள் கூட்டவேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லும் கணக்கு. எங்கள் கொப்பியில் அப்படியொரு நிரல் இல்லை.

விசில் ஊதினேன். எல்லோரும் எழும்பினார்கள். அவன் மட்டும் அட்டையில் படுத்தபடி, "அண்ணே, இன்னும் பத்து நிமிசம் கெடக்கட்டுமாண்ணே?" என்றான்.

"எழும்பு தம்பி, போர்மன் பாக்கிறான்."

எழும்பிப் போனான்.

3.20 க்கு விழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் தோல் நெருப்பாய்ச் சுடுகிறது, ஆட்டைக் கட்டியாச்சா என்று யாரையோ கேட்கிறான். தூக்கிக்கொண்டுபோய் ஏசி போட்ட கொள்கலன் அறையில் கிடத்தி வாகனத்துக்குக் காத்திருந்தோம். செய்திருக்க வேண்டியது, விழுந்த இடத்திலேயே நிழலில் போட்டு, கிடைக்கிற குளிர்தண்ணீரையெல்லாம் ஊற்றுவது. முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் ஏற்றவேண்டும். அன்று அது ஒருவருக்கும் தெரியாது. கானில் இருந்த ஐஸும் மத்தியானமே கரைந்துவிட்டது.

உயிர் தப்பினான். மூன்று கிழமையில் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சில வருடம் கழித்து, அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்கிறார்கள் என்று பழைய அறைக்காரர் ஒருவர் சொன்னார். அந்த நாளால்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் வளைகுடாவிலிருந்து திரும்பும் இளம் நேபாளிகளுக்கும் இதே வருத்தம் வருகிறது என்று அந்த ஊர் வைத்தியர்கள் சொல்வதைப் பிறகு வாசித்திருக்கிறேன்.

2021 இல் கட்டார் ஒரு வேலை செய்தது. காலை 10 தொடக்கம் பின்னேரம் 3.30 வரை தடை, அதோடு வெக்கை, ஈரப்பதன், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 காட்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்தம். வழமையான வெப்பமானியின் 32 இல்லை இது, அதைவிடப் பொல்லாதது. மணிக்கூட்டைப் பார்க்காமல் வெக்கையைப் பார்க்கிற சட்டம் என்று எனக்குப் பிடித்திருந்தது. லீவில் போய் வந்தவன் யார் என்பதை அந்தக் கருவியும் காட்டாது.

களஞ்சியத்துப் பொடியனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஐஸ்பழத்தை உறிஞ்சிக்கொண்டு, "தண்ணியக் குடி" என்றேன்.

அன்று பின்னேரம் கொப்பியில் அவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று போர்மனைக் கேட்டேன். அரைநாள் என்றான். அரைநாள் என்று எழுதினேன்.