ஓரத்தில் இருந்து பாடுவது

கொழும்பில் கர்நாடக சங்கீதம் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் ஒரு வருட நாட்காட்டியை விரித்துப் பார்த்தால், கச்சேரி என்று குறித்த நாட்கள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். நவராத்திரியில் ஒன்றிரண்டு, கோவில் திருவிழாவில் ஒன்று, வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ எப்போதாவது ஒன்று. மற்ற நாட்கள் மாலை வகுப்புகளுக்கும், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கும் நாட்டிய நாடகங்களுக்கும் போய்விடும். ஆனாலும் "எங்கே பாடுகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் நாங்கள் கச்சேரிகளை மட்டுமே எண்ணிச் சொல்கிறோம். கச்சேரி கலை, நாட்டியத்துக்குப் பாடுவது பிழைப்பு என்ற இந்தப் பிரிவினையை இரசிகர்கள் எங்கள்மேல் சுமத்தவில்லை. பாடகர்களாகிய நாங்களே அதைக் காத்து வளர்க்கிறோம். அது வரலாற்றுக்கும் பொருந்தவில்லை, பாடும் வேலையின் உள்நுட்பத்துக்கும் பொருந்தவில்லை என்பதே என் கட்சி. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, சபையைப் பார்க்காமல் ஆடுகிற பிள்ளையைப் பார்த்துப் பாடுவது ஒரு முழுமையான தொழில். கச்சேரிக்கு வேண்டிய பல விடயங்களை அதுதான் கற்றுத் தருகிறது.

கச்சேரியில் பாடும் உருப்படிகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்க்கலாம். தியாகராஜர் 'பிரகலாத பக்தி விஜயம்', 'நௌகா சரித்திரம்' என்று இரண்டு இசை நாடகங்களை இயற்றினார். அவற்றிலிருந்து எடுத்த கீர்த்தனைகளைப் பாடுகிற பலருக்கு, எந்தப் பாத்திரம் எந்தக் கட்டத்தில் அதைப் பாடுகிறது என்பது தெரியாது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் கதை சொல்லப் பிறந்தவை. பதம், ஜாவளி, தில்லானா ஆகியவை ஆடலோடு வளர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய நாட்டிய மார்க்கத்திலிருந்தே அவை கச்சேரிக்குள் நுழைந்தன. பிறகு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) இன்றைய கச்சேரிப் பத்ததியை நிலைநிறுத்தியபோது, கீர்த்தனைகளும் இராகம் தானம் பல்லவியும் நடுவில் அமர்ந்தன. ஆடலிலிருந்தும் நாடகத்திலிருந்தும் வந்தவை கடைசி அரை மணி நேரத்துத் துக்கடாக்களாயின. அரியக்குடியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இன்று கச்சேரி என்ற ஒன்றே இவ்வளவு கட்டுக்கோப்பாக இருந்திராது. நாம் ஆதிகாலத்து விதியாக நினைக்கிற மேல்-கீழ் வரிசைக்கு ஏறத்தாழ நூறு வயதுதான் ஆகிறது என்பதையே சுட்டுகிறேன்.

கொழும்பில் இருக்கிறவர்கள் இதை மறப்பதற்கு நியாயமே இல்லை. கொட்டாஞ்சேனையை ஒட்டிய ஜிந்துப்பிட்டி, தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் வந்து ஆடிய பக்கம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டுக்கே மதிப்பு; நல்ல பாட்டொன்றை ரசிகர்கள் மறுபடி மறுபடி கேட்டால் கதை காத்திருக்கும். 1926இல் இலங்கைக்கு நாடகமாட வந்திருந்த கே.பி. சுந்தராம்பாளோடு எஸ்.ஜி. கிட்டப்பா சேர்ந்து நடிக்கத் தொடங்கியது இந்த மண்ணில்தான். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில், பக்கத்தில் ஹார்மோனியம் முழங்க, கடைசி வரிசைவரை சொல் விளங்கும்படி இரவு முழுக்கப் பாடிய குரல்கள் அவை. 1933இல் 27 வயதில் கிட்டப்பா மறைந்துவிட்டார். சுந்தராம்பாள் பின்னர் கச்சேரி மேடையிலும் 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்திலும் பாடினார். அந்தப் படத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் பெற்றார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நாடகத்தில் பழகிய அதே குரல்தான் கச்சேரிக்கும் வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. வடக்கே காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து 'மயான காண்டம்' பாடி நடித்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒபேரா என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவருக்கு விளக்க வேண்டுமானால் அந்த ஒரு பெயர் போதும்.

சிங்கள மேடையின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 1903இல் ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜியை வரவழைத்தார்கள். அவர் போட்ட 'தன்னோ புதுங்கே' என்ற பாட்டு இன்று பக்திப் பாடலாகவே மதிக்கப்படுகிறது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில், லண்டன் ராயல் ஒபேரா ஹவுஸின் இளங்கலைஞர் திட்டத்தில் பயிற்சி பெற்ற சொப்ரானோ கிஷானி ஜயசிங்க அதை ஒபேராக் குரலில் பாடியபோது, புனிதமான பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பக்கமும், அதைப் பாட அவருக்கு உரிமை உண்டு என்று மறுபக்கமும் நாடே சண்டையிட்டது. அவர் பாடிய விதம் பிடித்ததா இல்லையா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. ஆனால் சீட்டு விற்று நடத்திய நாடகத்துக்காக, கூலிக்கு அழைக்கப்பட்ட வெளிநாட்டு இசைக்கலைஞர் ஒருவர் கட்டிய மெட்டு அது என்பது சண்டையின் நடுவில் அதிகம் பேசப்படவில்லை. தொழில் மேடையில் பிறந்தது நூறு வருடத்தில் புனிதமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு தொழில் மேடையே அதற்குத் தீட்டாகிறது.

மேற்கத்தியச் செவ்வியல் பாடகரின் வாழ்க்கை இங்கே ஒப்பிட உதவும், ஒரு எல்லை வரைக்கும். அங்கே ஒரே பாடகர் இரண்டு வகை மேடையில் ஏறுகிறார். ஒன்று ஒபேரா: ராயல் ஒபேரா ஹவுஸில் 2,200க்கும் மேற்பட்ட இருக்கைகள், முன்னே பெரிய வாத்தியக் குழு, உடை, வேடம், வழிநடத்தும் கண்டக்டர். மற்றது தனிப்பாடல் நிகழ்ச்சி: விக்மோர் ஹோலில் ஏறத்தாழ 550 பேர், ஒரு பியானோ, கவிதை. 1948இல் பெர்லினில் ஒபேரா மேடைக்கு வந்த டீட்ரிஷ் பிஷர்-டீஸ்காவ் ஷூபர்ட்டின் பாடல்களுக்கும் அதே அளவு பெயர் பெற்றவர். ஒன்றில் பாத்திரத்தைத் தாங்கப் பழகியவர், மற்றதில் வேடமே இல்லாமல் நாலு நிமிடத்துக்குள் ஒரு மனிதரைக் காட்டினார். இலங்கைப் பெற்றோருக்கு மெல்பேர்னில் பிறந்த டானியல் டி நீஸ் 19 வயதில் நியூயோர்க் மெட்ரொபொலிட்டன் ஒபேராவில் ஏறினார். அதற்காக அவரை யாரும் 'வெறும் நாடகப் பாடகி' என்று ஒதுக்கவில்லை. அங்கே ஒபேரா புகழின் உச்சம், தனிப்பாடல் நுட்பமானவர்களின் சிறிய அறை. நம்மிடம் படிவரிசை தலைகீழாக இருக்கிறது. ஒப்பீடு முறிகிற இடமும் ஒன்று உண்டு: ஒபேராப் பாடகர் தானே நடிக்கிறார், நம் அரங்கேற்றத்தில் உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பாடகரை மறைவான தொழிலாளியாக நினைக்க வைப்பது இந்தப் பிரிவுதான். எனக்கு அதுவே இந்த வேலையின் தனி நுட்பமாகத் தெரிகிறது.

கச்சேரியில் தான வர்ணம் ஐந்தாறு நிமிடத்தில் குரலைப் பதப்படுத்தும் தொடக்க உருப்படி. அரங்கேற்றத்தில் பதவர்ணம் முக்கால் மணி நேரம்வரை நீளும். ஜதி முடியும்வரை பாடகர் வாய் மூடிக் காத்திருக்கிறார். நட்டுவாங்கத் தாளம் காதோடு ஒலிக்கத் தீர்மானம் விழுந்த அடுத்த கணம், எடுப்புத் தவறாமல், சுருதி விலகாமல் பல்லவியைப் பிடிக்க வேண்டும். பிறகு சஞ்சாரி. ஒரே வரி, திரும்பத் திரும்ப. ஆடுகிறவள் அதே வரிக்குக் காத்திருப்பாள், கோபிப்பாள், தோழியைக் கேலி செய்வாள், ஒரு புராணக் கதையையே சொல்லி முடிப்பாள். பாடகர் ஒவ்வொரு தடவையும் அந்த வரியை வேறு சங்கதியில் திருப்ப வேண்டும். அந்தச் சங்கதி கையும் கண்ணும் சொல்வதற்குத் துணை போக வேண்டும், முந்தக் கூடாது. கச்சேரியில் நிரவல் பாடத் தெரிந்தவருக்கு இதன் அடிப்படை பழக்கமானதுதான்: சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்திலேயே நிற்க, இராகம் அவற்றைச் சுற்றி விரிய வேண்டும். வேறுபாடு, நிரவலில் பாடகரின் விருப்பமே சட்டம் என்பதில் இருக்கிறது. சஞ்சாரியில் இன்னொருவரின் மூச்சே சட்டம். ஒத்திகையில் ஓடிய காலப்பிரமாணம் மேடையில் அப்படியே வராது. மூன்றாங்காலத் தீர்மானம் முடித்து அந்தப் பிள்ளையின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து, அடுத்த வரியை அரை ஆவர்த்தனம் பொறுத்து எடுக்கத் தெரிய வேண்டும். இதை எந்தப் பரீட்சைப் பாடத்திட்டமும் கற்றுத் தருவதில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரிப் பாடகர்கள் பலர் மூச்சு வசதிக்காகச் சொல்லை நடுவில் உடைப்பார்கள். இராகம் அழகாக இருந்தால் சபை அதை மன்னித்துவிடும். நாட்டியத்தில் அந்தச் சலுகை கிடையாது. மயிலைக் கை காட்டும்போது குரல் மயிலின் பாதியிலேயே நின்றால், தமிழ் தெரியாத பார்வையாளருக்குக்கூட ஏதோ பிசகியது விளங்கிவிடும். பொருள் தெரியாமல் தெலுங்குப் பதத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பவரால் இங்கே ஒரு மாலையைக் கடக்க முடியாது. பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்கு அவருடைய தாய் ஜயம்மாள் பாடினார்; வீணை தனம்மாளின் மகள் அவர். பதம் என்றால் என்னவென்று கேட்க இசைவாணர்கள் அந்தக் குடும்பத்தைத்தான் நாடினார்கள். ஆடலுக்குப் பாடியதால் அவருடைய இசை குறைந்துபோனது என்று அறிந்தவர் எவரும் சொன்னதில்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. நாட்டியத்துக்கே பாடிக்கொண்டிருந்தால் மனோதர்மம் கெட்டுவிடும், இருபது நிமிடம் ஆலாபனை செய்யும் தெம்பு போய்விடும் என்பார்கள். உண்மைதான். கற்பனைச் சுரம் பல மாதம் பாடாவிட்டால் கணக்குகள் நாக்கில் துருப்பிடிக்கும். இராகத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்பும் பொறுமை, பழக்கம் விட்டால் போய்விடும். ஆனால் அப்படிப் போவது கச்சேரி பாடாததால், நாட்டியத்துக்குப் பாடியதால் அல்ல. கச்சேரி மட்டுமே பாடுபவருக்கும் இதே அளவு ஊனங்கள் வருகின்றன: சொல் தேய்கிறது, எல்லாப் பாட்டும் ஒரே உணர்ச்சியில் ஒலிக்கிறது, பக்கவாத்தியக்காரரைத் தவிர வேறெவரையும் கேட்கும் பழக்கம் அற்றுப்போகிறது. அந்த ஊனத்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. அரங்கேற்றம் பெற்றோர் செலவழிக்கும் குடும்ப வைபவம், மண்டப அலங்காரத்துக்கும் அழைப்பிதழுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பாடகரும் ஒரு செலவுக் கணக்கு, அங்கே கலைக்கு என்ன வேலை என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் கொழும்பில் கச்சேரி எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அனுமதி இலவசம். பாடகருக்குப் பொன்னாடையும் ஒரு கடித உறையும் கிடைக்கும். அதற்குள் இருப்பதை வயலினோடும் மிருதங்கத்தோடும் பகிர வேண்டும். ஒபேரா அரசு மானியத்திலும் செல்வந்தர் நன்கொடையிலும் ஓடுகிறது, பழைய நாடகக் கம்பனிகள் சீட்டுக் காசில் ஓடின, தஞ்சை நால்வர் அரசவையில் சம்பளம் பெற்றார்கள். யாருடைய காசும் இல்லாமல் வளர்ந்த செவ்வியல் இசை எங்கும் இல்லை. ஒரு பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கொடுக்கும் காசு மட்டும் இசையைத் தாழ்த்திவிடும் என்பது எனக்கு விளங்காத தர்க்கம்.

உண்மையான ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது: பதிவு செய்த இசை. நாட்டியப் பள்ளிகளின் வருடாந்த நிகழ்ச்சிகளில் பாடகர் ஒருமுறை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கப்படுகிறார், பிறகு அந்தப் பதிவே பல மேடைகளில் ஓடுகிறது. ஐம்பது பிள்ளைகளை மேடையேற்றும் ஆசிரியருக்கு ஒவ்வொரு முறையும் பக்கவாத்தியக் குழுவை அமர்த்தக் கட்டாது. அது எனக்கும் தெரியும். ஆனால் பதிவுக்கு மூச்சு இல்லை. ஆடுகிறவள் களைத்தாலும் அது காத்திருக்காது. அவள் அன்று ஒரு சஞ்சாரியில் தன்னை மறந்து நின்றாலும் கூட நிற்காது. நாட்டியத்துக்குப் பாடுவதை நாமே பிழைப்பு என்று மதிப்பிறக்கி வைத்திருப்பதால், பதிவு அந்த இடத்தைப் பிடிக்கும்போது தடுக்கச் சொல்லும் காரணம் நம் கையில் இல்லை. யார் பாடினாலும் ஒன்றுதான் என்றால், இயந்திரம் பாடினால் என்ன?

ஆகவே சில சிறிய காரியங்களைக் கேட்கலாம். சங்கீதம் படிக்கும் மூத்த மாணவர்களை ஆகக்குறைந்தது ஒரு முழு வர்ணத்துக்காவது நட்டுவனாரோடு உட்கார்த்திப் பாட வைக்க வேண்டும். கச்சேரி விமர்சனம் எழுதுபவர்கள் அரங்கேற்றத்தின் பாட்டையும் இராகத்தின் பெயர் சொல்லி எழுத வேண்டும். 'இனிமையாகப் பாடினார்' என்ற ஒரு வரி போதாது. மூன்றாவது, அரங்கேற்றம் நடத்தும் வீட்டாருக்கு. வர்ணம் முடிந்ததும் பிள்ளை உடை மாற்ற உள்ளே போகும். அந்த இருபது நிமிடத்தையும் இப்போது பிரதம விருந்தினரும் சிறப்பு விருந்தினரும் நினைவுச் சின்னங்களும் எடுத்துக்கொள்கின்றன. அதில் பத்து நிமிடத்தைப் பாடகரிடம் விட்டால், வர்ணத்தில் நன்றாகச் சூடேறிய குரலில் ஒரு இராகமும் ஒரு விருத்தமும் கேட்கலாம். மனோதர்மம் கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கும் அதில் பதில் கிடைக்கும். உரைகளை மங்களத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை இருக்கிறவர்கள் கேட்பார்கள்.