லொடலொட

தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் இரட்டைக்கிளவி மறந்திருக்காது. சலசலவென ஓடும் ஆறு, மடமடவெனக் குடித்த நீர், பளபளவென மின்னும் பாத்திரம். இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது. இதை மனனம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, புள்ளிகளை வாங்கிக்கொண்டு ஆறாம் ஆண்டோடு விடைபெற்றவர்கள்தாம் நம்மில் பலர். தேசிய இடைநிலைப்பள்ளி, பிறகு இயந்திரப் பொறியியல் என்று போன எனக்கு, அந்தப் பாடம் கிள்ளானில் ஒரு கார்ப் பட்டறையில், ஒரு ஜாகுவாரின் மூடியைத் திறந்துவைத்த நிலையில் மறுபடியும் நடந்தது.

பட்டறை என் தாய்மாமனுடையது. நம் ஊர் வழக்கில் அவர் 'ஃபோர்மேன்'. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுப் பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடித்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் காதால்தான் வைத்தியம் பார்க்கிறார். காடி வாசலில் திரும்பும்போதே, "பின்சக்கர பேரிங் போச்சு" என்று உள்ளே இருந்தபடி சொல்வார். விடுமுறை கிடைத்தால் நான் அங்கேதான்.

வந்த காடி 1999-ஆம் ஆண்டு எக்ஸ்.கே.ஆர். நான்கு லிட்டர், வி-8 இயந்திரம். சூப்பர்சார்ஜர் இல்லாத அதன் உடன்பிறப்பு எக்ஸ்.கே.8-க்கு 290 குதிரைத்திறன், இதற்கு 370. அந்த 80 குதிரைகளுக்குக் காரணமான ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே பள்ளத்தில் படுத்திருக்கும். காடியைக் கொண்டுவந்தவருக்கு அது இறந்துபோன அண்ணனின் சொத்து. விற்க மனமில்லை. ஆனால் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது மூடிக்கு அடியில் பெருஞ்சத்தம். ஒரு பட்டறையில் சூப்பர்சார்ஜரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றில் டைமிங் செயின் போய்விட்டது, இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் செலவு காடியின் விலையை நெருங்கும். மாமாவும் கைவிரித்தால் பழைய இரும்புக்காரருக்குத்தான்.

சூப்பர்சார்ஜர் என்பது அப்படியொன்றும் மாயப்பொருள் அன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வாரிசு அது. அவர்கள் காலத்தில் உலைகளுக்குக் காற்று ஊதியது. இன்று சிலிண்டருக்கு ஊதுகிறது. முறுக்கிய மூன்று மடல் கொண்ட இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றை அள்ளித் தள்ளுகின்றன. எம்112 என்றால் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், ஏறக்குறைய 1.8 லிட்டர் காற்று. (நம் சங்கத்துக் கலைச்சொல் ஆர்வலர்கள் இதற்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று கண்டுபிடிக்கட்டும். மாமா 'காத்துப் பம்பு' என்கிறார். எனக்கு அதுவே போதும்.)

சத்தத்தைத் தேட மாமாவிடம் உள்ள கருவி முக்கால் அடி நீள ஸ்குரு டிரைவர். முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்பார். அன்று முன்பக்க மூக்கில் வைத்தார், நடுவில் வைத்தார், செயின் மூடியில் வைத்தார். திரும்பவும் மூக்கில் வைத்தார். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. பிறகு எதுவும் பேசாமல் ஸ்குரு டிரைவரை என்னிடம் நீட்டினார்.

"நீ கேளுமா."

"ஏன் மாமா?"

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரி மொத்து மொத்துன்னு இருக்கு."

அத்தை கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்: தொலைக்காட்சி அலறுகிறது, வாசல் மணி இவருக்குக் கேட்பதில்லை. காற்று ரெஞ்சும் சுத்தியலும் கிரைண்டரும் பல ஆண்டுகள் அடித்தால் காது ஒரே நாளில் மூடுவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கூர்மையான ஒலிகள்தாம் முதலில் போகும். அடித்தொண்டைச் சத்தம் கேட்கும். அதன் ஓரம் கேட்காது. ஒரு சத்தத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஓரம்தான்.

கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு (ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனியும் தோழிகள் இதை மறக்க வேண்டாம்) நான் காது வைத்தேன்.

"ஒரு கிளாட்டரிங் சவுண்ட் மாமா."

"அது என்ன சவுண்டு? கடகடவா, கரகரவா, லொடலொடவா?"

மாமா தனித்தமிழ் ஆர்வலர் அல்லர். ரேடியேட்டரை ரேடியேட்டர் என்றுதான் சொல்வார். அவருக்கு வேண்டியது துல்லியம். கனமான இரும்பு தளர்ந்து இரும்பில் இடித்தால் கடகட. இந்த வகை இயந்திரத்தின் ஆரம்பகால டைமிங் செயின் டென்ஷனர்கள் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. அவை விரிசல் விட்டால், முக்கியமாகக் காலையில் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கும்போது, இப்படிக் கேட்கும். கரகர என்றால் மணல் அரைபடுவது போல: பேரிங் காய்ந்துவிட்டது. லொடலொட என்றால் பிடிப்பில்லாமல் ஆடுவது. பழைய சைக்கிளின் மட்கார்ட் போல. கிறீச் என்றால் பெல்ட். உய்ங் என்றால் சும்மா விடு, அது சூப்பர்சார்ஜரின் சொந்தக் குரல்.

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் சொல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தமிழால் மட்டுமே முடியும் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், உண்மை ஆகாது. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் பொதுவாக இருந்தது இந்தப் பட்டியல்தான். என் காதில் விழுவது அவர் தலைக்குள் போக வேறு வழி இல்லை.

மறுபடியும் கேட்டேன். "லொடலொட. மூக்குக்கிட்டதான் பலமா இருக்கு. செயின் மூடியில ரொம்பக் குறைச்சல்."

"எண்ணெயை மிதிச்சா?"

இயந்திரத்தை முடுக்கினேன். சத்தம் காணாமல் போனது. காலை எடுத்ததும் திரும்பி வந்தது. மாமா முகத்தில் பாதி வெளிச்சம்.

மீதியை பெல்ட் சொன்னது. இந்தக் காடியில் சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட். அதைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் இயந்திரத்தை ஓட விட்டோம். அமைதி! செயின் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் லொடலொட இல்லை. ஆக, இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னவர்கள் சொன்னது தவறு. டென்ஷனர் புல்லிகளைக் கையால் சுற்றினோம், சத்தமில்லை. கடைசியாக சூப்பர்சார்ஜர் புல்லியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். உள்ளே உருளைகள் அசைவதற்கு முன்பே புல்லி கொஞ்சம் சும்மா ஆடியது. மாமா என் கையின் மேல் தம் கையை வைத்து அந்த ஆட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். அதற்குக் காது வேண்டியதில்லை.

புல்லியின் தண்டும் உருளைகளை ஓட்டும் பற்சக்கரமும் நேராக இணைந்திருப்பதில்லை. நடுவில் கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரு கப்ளிங் உண்டு. இரு பக்கத்து எஃகு ஊசிகளும் அதன் துளைகளில் செருகி நிற்கும். இயந்திரத்தின் துடிப்பை வாங்கிக்கொள்வது அதன் வேலை. வருடங்கள் போகப் போக வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். மெதுவாக ஓடும்போது பைபாஸ் வால்வு திறந்திருப்பதால் சூப்பர்சார்ஜருக்குச் சுமையே இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஊசி துளைக்குள் முன்னும் பின்னும் இடிக்கிறது. எண்ணெயை மிதித்தால் சுமை ஏறி, ஊசி ஒரே பக்கமாக அழுந்தி நிற்கிறது, சத்தம் அடங்குகிறது.

கழற்ற இரண்டு நாள் பிடித்தது. மேலே இருக்கும் காற்றுக் குளிர்விகள், தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்தால்தான் கை போகும். மூக்கைத் திறந்ததும் பழைய எண்ணெயின் நாற்றம் இருக்கிறதே, பெலாச்சான் பரவாயில்லை. துளைகள் நாங்கள் நினைத்தபடியே முட்டை. முன் பேரிங்கை விரலில் சுற்றினேன். லேசாகக் கரகர. திறந்த கையோடு அதையும் மாற்றுவோம் என்றார் மாமா. அதற்குப் புல்லியை இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் அது தண்டில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று வெர்னியரில் அளந்து சுவரில் எழுதிவைத்தேன். திரும்ப அழுத்தும்போது அந்த இடம் பிசகினால் பெல்ட் நேராக ஓடாது. கப்ளிங் இங்கிலாந்திலிருந்து வர இரண்டு வாரம். மூட்டுப் பசையை மெல்லிய கோடாக மாமாவே தடவினார், அதிகமானால் உள்ளே பிதுங்கிப் பற்சக்கரத்தில் விழும் என்பதால். கை நடுங்கவில்லை.

பூட்டி முடுக்கியபோது அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். காப்பார் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்தபோது அந்த உய்ங் எழுந்தது. இந்தக் காடியை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வாங்குகிறார்கள்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "பழைய காலத்துல எனக்கு அது எலும்புக்குள்ள வரும்" என்றார்.

அத்தையும் நானும் சேர்ந்து அவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் காட்டிய வரைபடத்தில் கோடு இடப்பக்கம் நன்றாகத்தான் போனது. 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொன்னார். மாமா வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், "இதுக்குக் கப்ளிங் வராதா?" என்றார். மருத்துவர் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

2019-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி இந்நாட்டில் வேலையிடத்து இரைச்சல் எட்டு மணி நேரச் சராசரியில் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதை அச்செடுத்து வெர்னியர் அளவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு காதுகாப்புகளும் தொங்குகின்றன. காற்று ரெஞ்சை எடுத்தால் அவற்றில் ஒன்றை மாட்டிக்கொள்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

அடுத்த வாரம் ஒரு பழைய மெர்சிடிஸ் கொம்பிரசர் வருகிறது. சூப்பர்சார்ஜர் கடகடவென்று அடிப்பதாகச் சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார். மாமா நம்பவில்லை. "அவருக்குக் கடகடன்னா என்னன்னு தெரியுமோ என்னமோ, சனிக்கிழமை நீ வந்து கேளு" என்றார்.