அட்டையின் பின்பக்கம்

நாற்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் வாசிக்க உட்கார்ந்தவனுக்கு ஏ ஃபார் ஆப்பிள் எதற்கு? மருந்துக் கடையில் சரக்குப் பெட்டி பிரித்து அடுக்குகிற எனக்கு மாத்திரை அட்டைதான் அரிச்சுவடி. பாராசிட்டமால் என்று சொல்லிச் சொல்லி வாய் ஏற்கெனவே பழகியிருந்தது. அந்த ஒலியை அட்டையில் உள்ள எழுத்துகளோடு வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் போதும், எழுத்து தானாகப் பிடிபடும்.

முதலில் மல்லுக்கு நின்றது ‘சி’. கால்சியம் என்ற ஒரே சொல்லில் முதலில் ‘க’ என்கிறது, நடுவில் ‘ச’ என்கிறது. அட்டை அட்டையாகப் பார்த்ததில் விளங்கியது: அடுத்து இ, ஐ, ஒய் வந்தால் பெரும்பாலும் ச; ஏ, ஓ, யூ வந்தால் க. இந்தக் கோணல் நமக்குப் புதிதா என்ன? பக்கம், பகல், பங்கு மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. தமிழ் எழுதியபடியே ஒலிக்கும், ஆங்கிலம்தான் ஏமாற்றும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த மூன்றையும் உரக்க வாசித்துப் பார்க்கலாம்.

அதற்காக ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. காஃப் சிரப் பாட்டிலில் ஜி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் ஃப். நைட் என்பதில் அதே ஜோடி வாயே திறப்பதில்லை. ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து காறுகிற மாதிரி ஓர் ஒலி இருந்ததாம். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் போட்டார். பழைய எழுத்து அச்சில் தங்கிவிட்டது, வாய் தன்பாட்டுக்கு மாறிப்போனது. மருந்துப் பெயர்கள் அப்படியல்ல; யோசித்து வைத்தவை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின்: வால் ஒன்றானால் வம்சம் ஒன்று. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போல ‘ஓலால்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பிரஷர்காரர்கள் கேட்பது.

உயிரை வாங்கியது சின்ன எழுத்து. பெரிய எழுத்தில் நன்றாகத் தெரிந்த முகம் சின்னதில் வேறு வேஷத்தில் வரும். 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி விதி போட்டது. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளைப் பார்த்தால் அந்தச் சேதி இன்னும் பாதி வழியில் இருக்கிறது. அந்தச் சீட்டுகளைப் படிக்க ஃபார்மசிஸ்ட் தம்பியே கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

செஃபிக்ஸைம் அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று. நான் முழுசாக வாசித்த முதல் ஆங்கில வாக்கியம் அது. “போன தடவை குடுத்தீங்களேண்ணே” என்று சீட்டில்லாமல் வந்து நிற்பவர்களுக்கு இப்போது அதைத்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவர்களில் பலர் காலேஜ் படித்தவர்கள்.