ஏழு ரொட்டிப் பொட்டலங்கள்

நம் தமிழ்க் குடும்பங்களில் பேக்கரி ரொட்டி நெடுங்காலமாகக் காய்ச்சற்காரர் உணவாகவே இருந்து வந்துள்ளது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் நாலு ஆரஞ்சுப் பழமும் இல்லாமற் போவது முறையன்று என்பது ஊர் வழக்கம். அன்பினால் வாங்கப்படும் அந்த ரொட்டியில் பெரும்பகுதி யார் வயிற்றுக்கும் போவதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மேலூருக்கு அப்பால் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றியபோது நமக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் படுக்கை. பங்குமக்கள் சாரிசாரியாக வந்து நலம் விசாரித்தனர். ஆறாம் நாள், சனிக்கிழமை, காய்ச்சல் விட்டது. எழுந்து பார்த்தால் மேசைமேல் ஏழு ரொட்டிப் பொட்டலங்கள்! பாலில் நனைத்த ரொட்டியை ஐந்து நாளாகத் தின்று நாக்குச் செத்திருந்த நமக்கு அவற்றைக் காணவே பிடிக்கவில்லை. "எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கழுநீர்த் தொட்டியில் போடுங்கள்" என்று சமையற்காரம்மாவிடம் சொன்னோம். சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் நின்றவரைக் கண்டோம். களையெடுத்துப் பிழைக்கும் ஒரு கைம்பெண் அவர். முந்தாநாள் கூலியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து தந்தவர். "உடம்பு தேவலையா சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். காய்ச்சலைவிட அது நம்மை அதிகம் வாட்டியது.

சமையற்காரம்மா தொட்டிப் பக்கமே போகவில்லை. பொட்டலங்களைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டலத்தில் மட்டும் ஓரத்தில் பச்சையாய்ப் பூஞ்சணம். அது முழுவதும் குப்பைக்குப் போயிற்று. மாட்டுக்குக்கூட ஆகாது என்றார். சிக்கனமான தாய்மார்கள் சிலர் பூஞ்சணம் கண்ட மூலையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. அது கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மென்மையான ரொட்டிக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். காய்ந்த ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு.

மறுநாள் காலை அவர் செய்ததைக் கூறுகிறோம். நான்கு துண்டுக்கு இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி பால், ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மிளகுத்தூள், உப்பு. வெங்காயத்தை மிகப் பொடியாக அரிய வேண்டும். பருமனாயின் ரொட்டியில் ஒட்டாமல் கல்லிலே உதிர்ந்து கருகும். எல்லாவற்றையும் அடித்துப் பரந்த தட்டில் ஊற்றி, துண்டுகளைப் புறத்துக்கு அரை நிமிடம் ஊறவிட்டு, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் சிவக்க எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே முட்டை பச்சையாகவே நிற்கும்.

இதற்குப் புது ரொட்டி உதவாது. நனைந்ததும் குழைந்து கைக்கு வராது. ஓரிரு நாளான ரொட்டியில் மாச்சத்து இறுகியிருப்பதால் முட்டையையும் பாலையும் குடித்தும் உடையாமல் நிற்கிறது. குளிர்பெட்டியில் வைத்தால் ரொட்டி புதிதாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கேதான் அது விரைவில் இறுகுகிறது. பூஞ்சணம் பிடிப்பதுதான் தாமதிக்கிறது. இந்தப் பலகாரத்துக்கு இரண்டுமே நன்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை மிஷனுக்கு வந்த இயேசு சபைக் குருக்களில் பலர் பிரெஞ்சு நாட்டினர். அவர்கள் நாட்டில் இதற்கு 'பேன் பெர்து' என்று பெயர்; 'இழந்துபோன ரொட்டி' என்பது பொருள். ஜெர்மானியர் இதை 'ஏழை வீரர்கள்' என்பர். ஸ்பெயினில் தவக்காலத்திலும் புனித வாரத்திலும் வீட்டுக்கு வீடு செய்கின்றனர். உரோமையர் காலத்துச் சமையல் நூலிலேயே ரொட்டியைப் பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் ஊற்றும் முறை காணப்படுகிறது. இனிப்பாகச் செய்தால் நம்மவர்க்கும் இலங்கைத் தமிழர்க்கும் அது பம்பாய் டோஸ்ட். ஆனால் காய்ச்சல் விட்ட வாய்க்கு வெங்காயமும் மிளகும்தான் மருந்து.

மீந்த ஆறு பொட்டலத்தில் ஏறக்குறைய 90 துண்டுகள் இருந்தன. அவற்றுக்கு 45 முட்டை வேண்டியிருந்தது! உபதேசியார் வீட்டுக் கோழிகள் தந்தவை போக மீதியைக் கடையில் வாங்கினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். அந்த அம்மா கோவிலின் கடைசித் தூணருகே நின்றார். முதல் தட்டை நாமே கொண்டுபோய் அவரிடம் நீட்டி, நேற்றுச் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினோம். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு துண்டை மென்று தின்றார். மற்றொன்றைப் பேத்திக்கென்று இலையில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"உறைப்புப் பத்தல சாமி" என்றார்.

அன்று முதல் நாம் இரண்டு மிளகாய் போடுகிறோம்.